முப்பத்தேழாம் பக்கம்

டெலிபோன் அலறியது!

வெஸ்மிண்டா திடுக்கிட்டாள். மாதம் ஒரு முறை, அவளே நடத்தும் ஆபத்து ஒத்திகையில்தான் அது அடிக்கும். மற்றபடி அவளைத் தேட யாருமில்லை.

"அக்கா! ஆபீஸ்ல தீ!" வாட்ச்மேன் நோனோங்.

"இன்னிக்கு ஒத்திகை இல்லையேடா?"

"நிஜத் தீதான் அக்கா!"

பிலிப்பைன்ஸின் மாரிகினா ஊரில் முந்நூறு குடும்பங்கள் பிழைக்கும் ஷூ கம்பெனி; அங்கே ஆபத்துக் காலத் திட்டம் போடுவது அவள் வேலை. ஓடிப்போய்ப் பார்த்தாள். கம்ப்யூட்டர் அறை சாம்பல். நாற்பது வருட ஷூ டிசைன்கள் போயே போச்சு!

"மண்ணெண்ணெய் வாடை..." இன்ஸ்பெக்டர் சலோங்கா அவள் காதில் சொன்னார். "எவனோ கொளுத்தியிருக்கான்."

முதலாளி எவாரிஸ்டோ தலையில் கை வைத்திருந்தார்.

"நகல் இருக்காம்மா? இல்லேன்னா இழுத்து மூட வேண்டியதுதான்!"

"ஒண்ணே ஒண்ணு இருக்கு சார்." வேண்டுமென்றே சத்தமாகச் சொன்னாள். "தீ, வெள்ளம் வந்தா கம்பெனி எப்படி எழுந்திருக்கணும்னு எழுதிக் கொடுத்தேனே, அந்தப் புஸ்தகத்துல இடம் போட்டிருக்கு. படிச்சிருப்பீங்களே?"

எல்லாரும் திருதிருவென்று விழித்தார்கள். ஆறு வருடமாக அதன்மேல் காபி கப் வைத்தவர்கள்!

"அதையெல்லாம் எவன் படிப்பான்?" மேனேஜர் கிரிஸ்பின் சிரித்தான்.

அவளுக்குச் சுருக்கென்றது. ராத்திரி ராத்திரியாகத் தனியே உட்கார்ந்து எழுதியது.

"சர்ச்சுக்குப் போயிட்டு ஏழு மணிக்கு எடுத்துட்டு வரேன் சார்."

போகவில்லை.

மாலை ஐந்தரை. அவள் வீட்டு மாடியில், பீரோவுக்குப் பின்னால் அவளும் இன்ஸ்பெக்டரும்.

க்ளிக்... கீழே கதவு திறந்தது!

காலடிகள் சமையலறைப் பக்கம் திரும்பக்கூட இல்லை. நேராக மாடி. வெள்ளத்துக்குப் பயந்து படுக்கையறையில் வைத்திருந்த அரிசி டின்னின் மூடி திறந்தது.

விளக்கு எரிந்தது!

முழங்கை வரை அரிசிக்குள்... கிரிஸ்பின்!

"நா... நான் ஆறுதல் சொல்லலாம்னு..."

"அரிசிக்குள்ள கைய விட்டா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

கிரிஸ்பின் உடைந்தான். டிசைன்களைப் போட்டிக் கம்பெனிக்கு விற்றுவிட்டு, அவை யாருடையவை என்ற தடயம் இல்லாமல் போகத்தான் கொளுத்தியிருந்தான். இங்கே ஒரு நகல் மிஞ்சினாலும் திருட்டு அம்பலமாகிவிடும்.

"நகல் இதுல இல்லையே...!"

"என் கைப்பைல இருக்கு." வெஸ்மிண்டா தட்டிக் காட்டினாள். "மாடி அரிசி டின்னுன்னு அந்தப் புஸ்தகத்து முப்பத்தேழாம் பக்கத்துல மட்டுந்தான் எழுதினேன். படிச்சவன்தான் இங்க வருவான்."

இன்ஸ்பெக்டர் விலங்கை எடுத்தார்.

"கொஞ்சம் இருங்க சார்!" அவள் குறுக்கே வந்து நின்றாள். "ஆறு வருஷத்துல என் புஸ்தகத்தப் படிச்ச ஒரே ஆளு. இந்த வீட்டுக்கு வந்த முதல் விருந்தாளியும் இவர்தான். ஒரு காபி குடிச்சிட்டுப் போகட்டும்... அப்புறம் மாட்டுங்க!"