மேலே யாரும் இல்லை

"இப்பதானே உங்க சங்கத்தோட பேசி முடிச்சேன்? ஒரு ஆம்பளைக் குரல், மூச்சு வாங்க வாங்கப் பேசினாரே, உங்க ஆளுதானே?" என்று கடல் தாண்டி எங்கிருந்தோ ஒரு அமெச்சூர் ரேடியோக்காரர் கேட்டதும் மைக்கின் முன்னால் உட்கார்ந்திருந்த டீச்சருக்குச் சுர்ரென்று ஏறியது.

அவளுடைய ரேடியோ சங்கத்துக்கு இது ஐம்பதாவது ஆண்டு. அதற்காக மூன்று நாளைக்கு, ரேடியோவில் சங்கத்தின் பேராகச் சொல்ல ஒரு சிறப்பு அழைப்புக்குறி வாங்கி, உறுப்பினர்கள் முறை வைத்து உலகத்தோடு பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேசலாம். மற்றவர்கள் பக்கத்துக் கூடத்தில் மதியச் சாப்பாட்டில் இருக்க, ரேடியோ அறையில் அவள் மட்டும்தான். அப்படியானால் இந்த இன்னொருத்தன் யார்? வேறு யார், செயலாளராகத்தான் இருக்கும்! பேர் வாங்க வேண்டுமென்றால் பிணத்தின் மேலும் ஏறி நிற்கிற மனுஷன்.

அது வெறும் வாய்ப்பேச்சு இல்லை. ஆறு வருஷத்துக்கு முன்னால் அவளுடைய அண்ணன் ஆன்டெனாவைச் சரிசெய்யக் கோபுரத்தில் ஏறினான். ஏறுகிறவன் மெயின் ஃப்யூஸைப் பிடுங்கித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டுதான் ஏற வேண்டும், இறங்கி வந்து அவனேதான் மாட்ட வேண்டும் என்பது சங்கத்தில் வழக்கம். அன்றைக்கு ரேடியோப் போட்டி நேரம். செயலாளருக்குப் பொறுக்கவில்லை. டிராயரிலிருந்து வேறொரு ஃப்யூஸை எடுத்து மாட்டினார். அண்ணன் பிணமாகக் கீழே வந்து விழுந்தபோது அவன் சட்டைப்பையில் ஃப்யூஸ் பத்திரமாக இருந்தது.

'சொல்லாமல் ஏறிவிட்டான்' என்று ஒரு காகிதம் எழுதி, "சங்கத்தையே மூடிருவாங்கம்மா" என்று கெஞ்சிக் கூத்தாடி, அவளிடமே சாட்சிக் கையெழுத்தும் வாங்கிவிட்டார். அவளும் போட்டாளே, பாவி! இன்றைக்கு விழா மலரில் அண்ணனைப் பற்றி ஒரு வரி கிடையாது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாகிவிட்டது. அந்த ஆளின் வாயாலேயே உண்மையை வரவழைக்காமல் வீடு திரும்புவதில்லை என்றுதான் அவள் வந்திருந்தாள்.

கதவைத் திறந்து கத்தினாள். செயலாளர் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"நம்ம குறியில யாரு இன்னொரு செட்டு வச்சுப் பேசுறது?"

"யாரும்மா பேசுவா? எல்லாரும் பந்தியில இருக்காங்க."

"அப்ப இதைக் கேளுங்க."

ஸ்பீக்கரில் முதலில் வெறும் இரைச்சல்தான், முறத்தில் மணலைக் கொட்டிப் புடைக்கிற மாதிரி. பிறகு அந்த இரைச்சலுக்கு அடியில், இரும்புக் கம்பிகளுக்கு நடுவே புகுந்து ஊளையிடுகிற உயரத்துக் காற்றும், அந்தக் காற்றில் பெல்ட் கொக்கி ஒன்று இரும்பில் டிங், டிங் என்று இடிக்கிற சத்தமும், சூடேறிய தூசியின் வாடையோடு சேர்ந்து அறைக்குள் மெல்ல இறங்கின. மூச்சு வாங்கிய ஒரு குரல் சங்கத்தின் சிறப்புக் குறியைச் சொன்னது. அந்தக் குரலோடு கூடவே வளர்ந்தவள் அவள்.

"மேல இருக்கேன். யாரும் கரண்டைப் போட்டுடாதீங்க."

ஜன்னலுக்கு வெளியே, பட்டப்பகல் வெயிலில், கோபுரம் காலியாக நின்றது.

செயலாளருக்கு முகம் செத்துப்போனது. "பழைய டேப்பு எதையாவது போட்டு விளையாடுறியா?"

"விளையாடுற மூஞ்சியா இது? அன்னைக்கு யார் போட்டதுன்னு அவன்கிட்ட சொல்லுங்க. இல்லன்னா கூடத்துல போய்க் கத்துவேன்."

அவர் மைக்கைப் பிடுங்கிப் பொத்தானை அமுக்கினார். "இது யாரோ செய்ற இடைஞ்சல். மேல யாரும் இல்ல. மேல யாரும் இல்…"

பேச்சு நின்றது. கை நிற்கவில்லை. தோள்வரை உதறியது.

முடி கருகும் நாற்றம்.

"எடுத்துவிடும்மா… வரல… கை வரல…"

மீட்டர் முள் கடைசிக்குப் போய் ஒட்டிக்கொண்டது. விரல் நுனிகள் கறுத்தன. கடித்த பல்லுக்கு நடுவிலிருந்து வார்த்தை வந்தது. "நான்தான். ஃப்யூஸை நான்தான் மாட்டினேன். அவன் மேல இருக்கான்னு தெரியும். தெரிஞ்சேதான்."

ஆறு வருஷம் இதற்காகத்தான் காத்திருந்தாள். கேட்டும்விட்டாள். ஆனால் உள்ளே ஒன்றும் குளிரவில்லை. பாய்ந்து போய் மெயின் சுவிட்சை இழுத்தாள்.

விளக்கு போனது. ஃபேன் சுற்றி ஓய்ந்தது. ரேடியோவின் வெளிச்சம் அணைந்தது.

ஸ்பீக்கர் அணையவில்லை.

"நன்றி. குறிச்சுக்கிட்டேன்," என்றான் அண்ணன், ஒரு ஆளை முடித்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடும் நிதானத்தோடு. "அடுத்து யாரு? தங்கச்சி, கையெழுத்துப் போட்டது நீதானே? வாம்மா."

அவள் அசையவில்லை. அவளுடைய வலது கை மட்டும் அசைந்தது. மேசையின் மேலே, மைக்கை நோக்கி.

செயலாளரின் கரிந்த விரல்கள் பொத்தானிலிருந்து ஒவ்வொன்றாக விலகி, அவளுக்கு இடம் விட்டன.