முறைக்காற்று

பஞ்சு இழை மேலே போயிற்று. முதலில் சரியில்லை என்று பட்டது அதுதான்.

திருமலைசாமி முப்பத்தொரு வருஷமாக மில்லில் காற்று ஓட்டுகிறவர். நூல் அறாமல் இருக்க ஷெட்டுக்குள் ஈரக்காற்று அனுப்புகிற பிளான்ட்டில் ஃபிட்டர். ஒரு துளையில் காற்று வருகிறதா என்று பார்க்க அவர் மீட்டர் தேடிப் போனதில்லை. சட்டையில் ஒட்டியிருக்கும் பஞ்சில் ஒரு இழை திரித்துத் துளைக்கு நேரே பிடிப்பார். ஆடினால் காற்று உண்டு, தொங்கினால் இல்லை. அன்றைக்கு மில் பஸ் அச்சு முறிந்து நின்றுவிட்டதால், வாழ்க்கையில் முதல் தடவையாக, சாயங்காலம் ஐந்து நாற்பதுக்குத் திருப்பூரிலிருந்து கோவை போகும் அந்த ஏசி ரயிலில் ஏறியிருந்தார். ஏறினார் என்று சொல்வதுகூட அதிகம். பின்னாலிருந்த கூட்டம் அவரைப் பெட்டிக்குள் வைத்துவிட்டது.

கதவு தானாக மூடிக்கொண்டது. திறக்கிற ஜன்னல் ஒன்றுகூடக் கிடையாது. இடது கை டிபன் பையோடு தொடைப் பக்கம் மாட்டிக்கொண்டது. வலது கை மட்டும் மேல்கம்பியை எட்டியது. கம்பிக்கு மேலே ஏசித் துளை. பழக்கதோஷத்தில் இழையைப் பிடித்தார். இழை விறைத்துத் துளைக்குள் நுழைந்தது. கொஞ்ச நேரம் அங்கேயே ஒட்டி நடுங்கியது. பிறகு, யாரோ உள்ளிருந்து மெல்லத் தள்ளிவிட்ட மாதிரி கீழே வந்தது. மறுபடி மேலே. மறுபடி கீழே. தூங்குகிறவன் நெஞ்சு ஏறி இறங்குகிற கணக்கில்.

மே மாதக் கடைசி. சாயப்பட்டறை வாடையும் இஸ்திரி போட்ட பனியன் துணியின் சூட்டு வாடையும், காலையில் வைத்து மதியமே வாடிப்போன மல்லிகையின் வாடையும், யார் டப்பாவிலோ புளித்துவிட்ட தயிர்ச்சோற்று வாடையும் எல்லாம் ஒன்றாகக் குழைந்து, நகர இடமில்லாமல் மனிதர்களைப் போலவே நெருக்கிக்கொண்டு நின்றன. அத்தனை புழுக்கத்திலும் ஒருவர்கூட விசிறிக்கொள்ளவில்லை. கர்ச்சீப்பை எடுக்கவில்லை. இருமல் இல்லை. செல்போனில் பாட்டு இல்லை. நூற்றைம்பது பேர் இருக்கிற பெட்டியில் தண்டவாளச் சத்தம் மட்டும் கேட்பது நியாயமாகப் படவில்லை அவருக்கு.

பக்கத்து இருக்கையில் தலைப்பாகையை மடியில் வைத்திருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

“மொதத் தடவையாங்க?”

“ஆமாங்க. ஏசி ஓடலீங்களா?”

அவர் பெயர் பாலுசாமி. ஈரோட்டுப் பக்கம் வாய்க்கால் பாசனத்தில் நாலு ஏக்கர், கோவையில் ஒரு பம்ப்செட் பட்டறையில் நைட் ஷிப்ட். மாடு கன்று போட்ட விவரம் சொல்கிற நிதானத்தில் விஷயத்தைச் சொன்னார். ஏசி மார்ச்சிலேயே கெட்டுவிட்டதாம். எழுதிப் போட்டார்கள், போனில் சொன்னார்கள், யாரோ வந்து டார்ச் அடித்துப் பார்த்துவிட்டும் போனார். கூட்டம் மட்டும் வாராவாரம் ஏறியது. உள்ளே இருக்கிற காற்று இத்தனை பேருக்குப் பத்தாது என்று தெரிந்ததும், சீசன் டிக்கெட்காரர்கள் உட்கார்ந்து பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள்.

“வாய்க்கால்ல தண்ணி பத்தலீன்னா என்ன பண்ணுவோமுங்க? ஒத்தப்படை மதகுக்கு ஒரு மொறை, ரெட்டப்படை மதகுக்கு ஒரு மொறை. அதேதானுங்க இதும். ஒத்தப்படை சீட்டு சோமனூர் வரைக்கும். அப்புறம் பீளமேடு வரைக்கும் ரெட்டப்படை.”

மூச்சைத்தான் சொல்கிறார் என்று திருமலைசாமிக்குப் புரியக் கொஞ்சம் நேரம் பிடித்தது. புரிந்ததும் சிரித்தார். யாரும் கூடச் சிரிக்கவில்லை. அத்தனை நேரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு மனுஷன் எப்படி இருப்பான் என்று கேட்டார்.

“புடிக்கறதில்லீங்க,” என்றார் பாலுசாமி. “விட்டுப்போடோணும். மொத வாரம் செரமமாத்தான் இருந்துச்சு. ஒருத்தர் மட்டும் மொறையில்லாம மூச்சு எடுத்துட்டு இருந்தாருங்க. கூப்பிட்டு வெச்சுப் பேசினோம். இப்ப அவரு சொன்னாக்…”

சோமனூர் வந்தது. பாலுசாமியின் வாய் அந்த இடத்திலேயே நின்றது. உதடு மூடவில்லை, கண் மூடவில்லை. நெஞ்சு மட்டும் இறங்கி, இறங்கின இடத்திலேயே தங்கிவிட்டது.

“…கேக்கறாருங்க,” என்று முடித்தார் அடுத்த இருக்கையில் இருந்த பஷீர் என்பவர். நெடுநேரம் தண்ணீருக்குள் இருந்து எழுந்தவர் போல ஒரு மூச்சு இழுத்துக்கொண்டு. அவர் வரிசையில், முன் வரிசையில், பெட்டி நெடுக ஒன்றுவிட்டு ஒன்று, எல்லா நெஞ்சும் ஒரே சமயத்தில் உப்பின. பெட்டி முழுக்க ‘ஸ்ஸ்’ என்று ஒரே சத்தம். மேலே துளையில் இழை உள்ளே போனது.

திருமலைசாமி தன் மூச்சை இழுத்துப் பார்த்தார். வரவில்லை. வற்றின போர்வெல்லில் மோட்டார் ஓடுகிற மாதிரி நெஞ்சு ஓடியது, குழாய் இருமியது, ஒன்றும் ஏறவில்லை. கதவு திறந்திருந்த அரை நிமிஷத்தில் பிளாட்பாரத்துக் காற்று வாசலில் நிற்பவர்களோடு நின்றுவிட்டது. நடுப்பெட்டிக்கு வரவில்லை. இன்னும் முப்பது பேர் ஏறினார்கள். கதவு மூடியது.

நிற்கிறவர்களுக்கு எப்போது முறை என்று கேட்டார். கேட்க மிச்சமிருந்த காற்று அவ்வளவுதான்.

பஷீருக்குச் சங்கடமாகிவிட்டது. “கடைமடைக்கு என்னைக்குங்க தண்ணி ஒழுங்கா வந்துச்சு? மீந்தா வரும். ஆனா நீங்க புதுசு. விருந்தாளிக்கு ஒரு மொறை உண்டுங்க. இருகூர் வந்ததும் எடுத்துக்கோங்க.”

இருகூர். அதற்கு முன்னால் சூலூர் ரோடு. பன்னிரண்டு நிமிஷம் இருக்குமா? கண்ணாடிக்கு வெளியே தென்னந்தோப்பு சாய்ந்து சாய்ந்து ஆடிக்கொண்டிருந்தது. அங்கே எவ்வளவு காற்று. ஒரு ஓலைகூட வாங்கினதைத் திருப்பித் தராமல் நின்றதில்லை. அவருடைய காது அடைத்தது. நகக்கண் நீலம் பாரித்தது. இருகூர், இருகூர் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. அங்கே ஒரு முறை. அது போதும். அதை வைத்துக்கொண்டு பீளமேட்டில் இறங்கிவிடலாம்.

சூலூர் ரோடு போனது.

அவர் தோளுக்குப் பக்கத்தில் ஒரு பெண் நின்றிருந்தாள். லோகப்பிரியா என்று கழுத்து அட்டையில் எழுதியிருந்தது. ஏதோ லேபில் வேலை. அவர் காதுக்கு வெகு அருகில் பேசினாள். காதில் காற்றுப் படவில்லை.

“ஏனுங்ணா. உங்க மொறைய எனக்குக் குடுத்துப்போடறீங்களா? கொழந்தை காலைல இருந்து பக்கத்து ஊட்டுல இருக்குதுங்க. நான் எறங்கோணும்.”

ஐம்பத்தேழு வருஷத்தில் திருமலைசாமி பந்தியில் முதல் வரிசையில் உட்கார்ந்ததில்லை. ரேஷன் கடையில் பின்னால் நிற்பவர் அவசரம் என்றால் வழி விடுவார். பஸ்ஸில் ஜன்னல் ஓரம் கேட்டால் எழுந்துகொள்வார். வேண்டாம் என்று சொல்ல அந்த நாக்கு பழகவே இல்லை. மனசு வாயைப் பொத்துவதற்குள் உதடு அசைந்துவிட்டது.

“செரிங்க அம்மணி. எடுத்துக்கோங்க.”

இருகூர் வந்தது. பக்கத்தில் அவள் நெஞ்சு உப்பியது. கன்னத்தில் நிறம் ஏறியது. அவர் வாயைத் திறந்தார், மூடினார். மீன் மாதிரி. அவள் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. சிங்காநல்லூரில் “கொஞ்சம் வழி விடுங்க, வழி விடுங்க” என்று சொல்லிக்கொண்டே இறங்கிப் போனாள்.

அவர் பஷீரைப் பார்த்தார். கண்ணாலேயே கேட்டார். எனக்கு?

“குடுத்த மொறை குடுத்ததுதானுங்க,” என்றார் பஷீர், நிஜமான வருத்தத்தோடு. “வாய்க்கால்லயும் அப்படித்தானுங்களே. ஒண்ணும் பயப்படாதீங்க. நிக்கறவிங்க இது வரைக்கும் ஒருத்தர்கூடக் கீழ உழுந்ததில்லை.”

சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. மனைவி ராமாமணியாக இருக்கும். தோசைக் கல்லைப் போடட்டுமா என்று கேட்பாள். கை எட்டவில்லை. அதிர்ந்தது. நின்றது. மறுபடி அதிர்ந்தது.

நின்றது.

விழ இடமில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. முன்னால் ஒரு முதுகு. பின்னால் ஒரு வயிறு. இரண்டு பக்கமும் தோள். ஒன்றும் ஏறி இறங்கவில்லை. ஒன்றிலும் சூடு இல்லை.

எதிரே நின்றவரின் சட்டைப்பையில் சீசன் டிக்கெட் தெரிந்தது. ஏப்ரல் ஒன்பதோடு முடிந்திருந்தது. அவர் காலரில் தூசி. புருவத்தில் தூசி. திறந்திருந்த கண்ணின் கருவிழி மேல், மெல்லிசாக, தூசி.

அவருக்குப் பின்னால் நின்றவருக்கும்.

அதற்குப் பின்னால் நின்றவருக்கும்.

பீளமேடு.

கதவு திறந்தது. நாலு தலைக்கு அப்பால் பிளாட்பாரம். டீக்கடை. ஒருவர் டம்ளரை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார். எவ்வளவு மூச்சை வீணாக்குகிறார். திருமலைசாமி காலைத் தூக்கினார். கால் இருந்தது. சொன்னால் கேட்கவில்லை. கத்தினார். கத்துவதற்குக் காற்று வேண்டும்.

உட்கார்ந்திருந்தவர்கள் சிலர் இறங்கினார்கள். இறங்கினதைவிட ஏறினது அதிகம். வாசலிலிருந்து ஒரு குரல், நல்ல மரியாதையோடு.

“ஏனுங்க, நடுவுல இருக்கறவிங்க கொஞ்சம் உள்ள தள்ளி நில்லுங்க.”

கால் நகர்ந்தது.

அவர் நகர்த்தவில்லை. எதிரே நின்றவரும் நகர்ந்தார். பின்னால் நின்றவரும். நின்றிருந்த அத்தனை பேரும், ஒரே சமயத்தில், ஒரே ஒரு அடி.

கதவு மூடியது. டீக்கடை பின்னால் போனது. பாலுசாமிக்கு முறை வந்து நெஞ்சு உப்பியது. புதிதாக ஏறின இளைஞர் ஒருவர், தோளில் லேப்டாப் பை, கம்பி எட்டாமல் அங்கும் இங்கும் பார்த்தார். பிறகு கையை மேலே தூக்கியபடி நின்ற திருமலைசாமியின் வலது மணிக்கட்டைப் பிடித்தார்.

“புடிச்சுக்கறேனுங்க, ஒண்ணும் நெனச்சுக்காதீங்க.”

விரல் நாடியின் மேலேயே இருந்தது. பிடித்தவருக்கு ஒரு துடிப்பும் தட்டுப்படவில்லை. இன்னொருவர் முழங்கையைப் பிடித்தார். ஒரு அம்மா தன் பையை அவர் தோளில் மாட்டிவிட்டாள். வண்டி வளைவில் திரும்பியது. எல்லாரும் அவரைப் பிடித்துக்கொண்டு ஆடினார்கள். அவர் மட்டும் ஆடாமல் நின்றார்.