கப்பல் ஒத்துக்காதவள்

"அண்ணி, என் வீட்டுச் சாவியை இந்த ஆணியில மாட்டியிருக்கேன். ஜெரேனியத்துக்கு வேர்ல மட்டும் தண்ணி ஊத்துங்க, இலையில பட்டா அழுகிடும். பூனைக்கு டப்பாச் சாப்பாடுதான். உங்க சூப்பை ஊத்தி அது வயித்தைக் கெடுத்துடாதீங்க!"

சமையலறை வாசலில் நின்று அந்தூலா உத்தரவு போட்டாள். தலையில் வைக்கோல் தொப்பி. வீட்டுக்குள்ளேயே கறுப்புக் கண்ணாடி! கால் நகத்திலிருந்து உதடு வரை ஒரே பவளச் சிவப்பு. ஆந்த்ரோஸ் தீவுக்குக் கப்பலே இன்னும் கிளம்பவில்லை. ஆனால் அந்தூலா மட்டும் நேற்றே அங்கே போய் இறங்கிவிட்டவள் போல இருந்தாள்.

தெஸ்பினா அடுப்பை அணைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டாள்.

"செடிக்கு வேற யாரையாவது பாரு, அந்தூலா. இந்த வருஷம் நானும் வரேன்."

அந்தூலா சிரித்தாள். தொப்பி நழுவும் அளவுக்குச் சிரித்தாள்.

"அண்ணா, கேட்டியா? அண்ணி கப்பல் ஏறப் போறாங்களாம்! ஒரு வாளியைக் கையோட எடுத்துக்கோ!"

பான்டெலிஸ் கூடத்தில் பெட்டியை அமுக்கிப் பூட்டிக்கொண்டிருந்தான். ஆறடி உயரம், அடர்ந்த மீசை. மனைவிக்காக ஒரு வார்த்தை பேச வேண்டிய நேரம் வரும்போதெல்லாம் அந்த மீசைக்குப் பின்னால் ஒளிந்துகொள்வது அவன் வழக்கம். இப்போதும் ஒளிந்துகொண்டான்.

"உனக்குத்தான் கப்பல் ஒத்துக்காதே, தெஸ்பினா... காத்து வேற பலமா இருக்கு..."

"ஒத்துக்கும்" என்றாள் அவள். அவ்வளவுதான்.

கடல் பயணம் தனக்கு ஒத்துக்காது என்று சொன்னவள் தெஸ்பினாதான். ஆனால் அது பச்சைப் பொய். அவள் டீனோஸ் தீவில், மீன்பிடிப் படகுக்காரன் மகளாகப் பிறந்தவள். தரையில் நடக்கும் முன்பே படகில் தவழ்ந்தவள்.

பதினாறு வருடங்களுக்கு முன்னால் மாமியார் கலியோப்பிக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. அந்தக் கோடையில் எல்லோரும் தீவுக்குக் கிளம்பும்போது கலியோப்பி அழுதாள். "என்னால எல்லாருக்கும் லீவு கெட்டுப்போகுது... என்னை முதியோர் இல்லத்துல தள்ளிடுங்கடா..." அந்தக் கண்ணீரைப் பார்க்கச் சகிக்காமல்தான் தெஸ்பினா சட்டென்று சொன்னாள்: "ஐயோ அத்தை! எனக்குக் கப்பல்னாலே குமட்டும். நீங்க இல்லைன்னாலும் நான் வீட்டுலதான் கிடப்பேன்!"

கலியோப்பி நம்பினாளோ இல்லையோ, அழுகையை நிறுத்தினாள். மற்றவர்கள் அந்தப் பொய்யை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்கள். பெற்ற மகள் அந்தூலா அதே கட்டிடத்தில், ஒரே ஒரு மாடிக்கு மேலே குடியிருந்தாள். தாயின் போர்வையை மாற்ற ஒரு நாளும் அந்தப் படிகளில் இறங்கி வந்ததில்லை. ஆனால் கோடை வந்தால் பெட்டியோடு முதலில் இறங்கி வருபவள் அவள்தான்.

இன்னொரு கொடுமையும் உண்டு. ஆகஸ்ட் பதினைந்து, மாதாவின் பெருநாள். தெஸ்பினா என்று பெயர் கொண்டவர்களுக்கெல்லாம் அதுதான் பெயர்த் திருநாள். பெயர்த் திருநாள் யாருக்கோ அவர்கள்தான் மற்றவர்களுக்கு விருந்து வைக்க வேண்டும். அதனால் வருடா வருடம் ஆந்த்ரோஸில், கடலோரச் சாப்பாட்டுக் கடையில், அந்தூலா கிளாஸைத் தூக்கிப் பிடிப்பாள்: "இன்னிக்கு அண்ணி செலவு!" பொரித்த கணவாய், சுட்ட மீன், குளிர்ந்த ஒயின்... தட்டுகள் வந்துகொண்டே இருக்கும். ஏதென்ஸில், ஊரே காலியாகிக் கடைகளெல்லாம் பூட்டிக் கிடக்கும் அந்த நாளில், விருந்து வைத்தவள் மாமியாருக்கு ஸ்பூனால் சூப் ஊட்டிக்கொண்டிருப்பாள். அவள் கைப்பேசிக்கு ஒரு புகைப்படம் வரும். பாதி தின்ற மீன்! அதுதான் வாழ்த்து.

இந்த வருடம் ஈஸ்டருக்கு முன்பே கலியோப்பி கண்ணை மூடிவிட்டாள். பொய்க்கு இனி வேலை இல்லை.

"அம்மா..." மகள் மிர்தோ கைப்பையோடு வந்தாள். இருபத்து நாலு வயது. குரலில் ஒரு சலிப்பு. "ப்ளீஸ்மா, வேண்டாம். எல்லார் முன்னாடியும் வாந்தி எடுத்து மானத்தை வாங்காதே. உன்னைப் பெத்த ஆச்சி செத்தப்பவே கப்பல் ஏறாதவ, இப்ப கடல்ல குளிக்கவா ஏறப் போறே?"

தெஸ்பினாவுக்கு நெஞ்சில் சுருக்கென்றது. அவள் கிளம்பியதே இதற்காகத்தான். கடலும் வேண்டாம், கணவாயும் வேண்டாம். தன் மகளின் கண்ணில் இருக்கும் இந்த ஏளனம்... அது போக வேண்டும். அது போகாமல் செத்தால் கட்டை வேகாது என்பது போல ஒரு தவிப்பு.

"என் டிக்கெட்டை நானே வாங்கிட்டேன்" என்று சொல்லிவிட்டுத் தன் சின்னப் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள்.

ரஃபீனா துறைமுகத்தில் காரைக் கப்பலின் அடித்தட்டில் நிறுத்திவிட்டு நால்வரும் மேலே ஏறினார்கள். பெருநாளுக்கு முந்தைய நாள். டீனோஸ் மாதா கோவிலுக்குப் போகும் கூட்டம் நெரிந்தது. அந்தூலா ஜன்னலோரமாக ஒரு மேஜையைப் பிடித்து, தொப்பி, துண்டு, வெயிலுக்குப் பூசும் எண்ணெய்க் குப்பி எல்லாவற்றையும் பரப்பினாள். குளிர்ந்த காபி வரவழைத்தாள். சீஸ் அடைத்த பேஸ்ட்ரி இரண்டு. அதற்கு மேல் ஒரு சாக்லேட் கேக்.

"அண்ணிக்கு எதுவும் வேண்டாம். உள்ள போனா வெளிய வந்துடும்!" என்று பரிமாறுகிறவனிடம் சத்தமாகச் சொன்னாள். பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மிர்தோ முகத்தைக் கைப்பேசிக்குள் புதைத்துக்கொண்டாள்.

கப்பல் எவியா தீவின் முனையைத் தாண்டியது. ஆகஸ்டின் வடகாற்று எதிரில் வந்து அறைந்தது.

முதல் அலையில் கேக் வழுக்கிப் போய்த் தரையில் விழுந்தது. இரண்டாவது அலையில் எண்ணெய்க் குப்பி. மூன்றாவது அலையில் அந்தூலாவின் சிரிப்பு. பவளச் சிவப்பு உதட்டைச் சுற்றி முகம் பாசிப் பச்சையாக மாறியது. "அண்ணா... பை... காகிதப் பை..." என்றாள். அண்ணனோ ஏற்கெனவே ஒரு பையில் தலையை விட்டிருந்தான். மீசையெல்லாம் நனைந்து தொங்கியது. அந்தூலா அலறிக்கொண்டு பக்கத்தில் கிடைத்ததில் கவிழ்ந்தாள். அது அவளுடைய வைக்கோல் தொப்பி!

தெஸ்பினா எழுந்தாள். கப்பல் சாயும்போது சாய்ந்தும் நிமிரும்போது நிமிர்ந்தும், ஏதோ தன் சமையலறையில் நடப்பவள் போல நடந்தாள். பைகள் வாங்கி வந்தாள். எலுமிச்சம்பழம் வாங்கி வந்தாள். நாத்தனாரின் நெற்றியைத் துடைத்தாள். கணவனின் காலரைத் தளர்த்தினாள். மகளை ஜன்னல் பக்கம் திருப்பி உட்கார வைத்தாள்.

"அலையைப் பாக்காதே, செல்லம். தூரத்துல அந்தக் கோடு தெரியுது பாரு, அதையே பாரு. மூச்சை மெதுவா விடு."

பிறகு உட்கார்ந்து, யாரும் தொடாமல் கிடந்த சீஸ் பேஸ்ட்ரியை எடுத்து நிதானமாகத் தின்றாள்.

மிர்தோ அவளையே வெறித்தாள்.

"அம்மா... உனக்குத்தான் ஒத்துக்காதே?"

"மாத்திரை போட்டிருப்பாங்க..." என்று தொப்பிக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

"மாத்திரையெல்லாம் இல்ல."

"நீங்கதானே அண்ணி சொன்னீங்க? நாங்க நம்பினோம்..."

"நம்பினியா!" தெஸ்பினா பேஸ்ட்ரியைக் கீழே வைத்தாள். "கல்யாணத்துக்கு நான் டீனோஸ்லேர்ந்து எதுல வந்தேன், அந்தூலா? கழுதை மேலயா? நீதானே ரஃபீனால வந்து என்னைக் கூட்டிக்கிட்டுப் போன! அன்னிக்கும் இதே மாதிரி காத்துதான். கப்பல்ல வந்தவங்கள்ல அழகா நடந்து வந்தது நான் ஒருத்திதான்னு நீதானே எல்லார்கிட்டயும் சொன்ன!"

தொப்பி இன்னும் கீழே குனிந்தது.

மிர்தோவின் முகம் வெளுத்தது. இது கடலால் வந்த வெளுப்பு இல்லை.

"அப்ப... ஆச்சி செத்தப்ப நீ ஏன் போகல?"

தெஸ்பினா கணவனைப் பார்த்தாள். இந்த ஒரு முறையாவது அவன் சொல்லட்டும் என்று காத்திருந்தாள்.

"சொல்லுங்கப்பா!" மிர்தோ கத்தினாள். "எனக்குப் பதிமூணு வயசு. அந்த வருஷம் அத்தையோட பாரோஸ் தீவுல இருந்தேன். 'உங்க அம்மாவைப் பாரு, பெத்தவ பொணத்துக்குக் கூடக் கப்பல் ஏற மாட்டாளாம்'னு அத்தை சிரிச்சாங்க. நானும் சேர்ந்து சிரிச்சேன்பா! சொல்லுங்க!"

பான்டெலிஸ் பையிலிருந்து தலையைத் தூக்கினான். "அது... அப்ப எங்க அம்மாவைப் பாத்துக்க ஆள் இல்லை... ஆகஸ்ட் மாசம், யாரு கிடைப்பா? எனக்குக் கடையில வேலை... அந்தூலாவைத்தான் ரெண்டு நாளைக்கு வரச் சொன்னேன்..."

"எனக்குப் பாரோஸ்ல ரூம் போட்டிருந்ததே!" அந்தூலா தலையை நிமிர்த்தினாள். அவள் குரலில் நிஜமான ஆதங்கம்! "கடலைப் பாத்த ரூம்! பாதியில விட்டா முன்பணம் திரும்பி வராது, தெரியுமா?"

பக்கத்து மேஜையில் கறுப்புடை அணிந்த ஓர் அம்மாள் சிலுவைக்குறி போட்டுக்கொண்டாள். அந்தூலாவுக்குப் பதிலாக அவள் வெட்கப்பட்டது போல இருந்தது.

"அம்மா..." மிர்தோ தாயின் பக்கம் திரும்பினாள். "ஏம்மா என்கிட்ட சொல்லலை?"

"சொன்னா நீ நேரா உள்ள போய்ப் பாட்டிகிட்டக் கேப்பே. அவங்க படுக்கையில கிடந்து, என்னாலதான், என்னாலதான்னு அழுவாங்க. ஒரு பக்கம் அசையாத மனுஷிக்கு அந்தப் பாரம் எதுக்கு? அவங்க என்னைப் பொண்ணா நினைச்சாங்க, மிர்தோ. கையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் செத்தாங்க. அதுல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல." அவள் குரல் அப்போதுதான் உடைந்தது. "உங்க மாமா யாக்குமிஸுக்கு அன்னிக்குப் போன் பண்ணினேன். மாமியாரை விட்டுட்டு வர முடியலைன்னு சொன்னேன். 'உன் மாமியார் உயிரோட இருக்காங்க. நம்ம அம்மா செத்துட்டாங்க'ன்னு வச்சுட்டான். அதோட பேசலை. அவனையும் குத்தம் சொல்ல முடியாது... ஆனா நீ சிரிச்சே பாரு... அதுதான்டி..."

மேலே பேச முடியவில்லை. முந்தைய பதினாறு கோடைகளிலும் அழாத அழுகை அது.

பான்டெலிஸ் சங்கடத்தோடு மீசையைத் துடைத்தான். அவனுக்கும் மனம் இளகியது. அந்த மனம் இளகினால் எவ்வளவு இளகும் என்பது அடுத்து அவன் பேசியதில் தெரிந்தது.

"சரி, விடு தெஸ்பினா... பழசைக் கிளறி என்ன? நாளைக்கு உன் திருநாள். உனக்குன்னு ஒரு பெரிய மீனாப் பாத்து நானே சொல்றேன். தலைப் பக்கமே எடுத்துக்கோ!"

தெஸ்பினா அவனை நீண்ட நேரம் பார்த்தாள். கோபம் வரவில்லை. கோபப்படும் அளவுக்கு அங்கே ஒன்றும் இல்லை என்பது அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எழுந்து, கப்பல் அலுவலகத்தின் ஜன்னலுக்குப் போய்ப் பேசிவிட்டு ஒரு துண்டுச் சீட்டோடு திரும்பி வந்தாள்.

ஆந்த்ரோஸ் வந்தது. கார் வைத்திருப்பவர்கள் கீழே இறங்கச் சொல்லி ஒலிபெருக்கி கத்தியது. தங்கையும் அண்ணனும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு தள்ளாடி எழுந்தார்கள்.

"வா, தெஸ்பினா."

"நீங்க இறங்குங்க. நான் அடுத்த தீவுக்குப் போறேன். எங்க ஊருக்கு."

"என்னது! அங்க யாரு இருக்கா உனக்கு? யாக்குமிஸ் கதவைத் திறப்பானா?"

"திறக்கலைன்னா வாசல்ல உக்காருவேன். எங்க அம்மா கல்லறைக்குக் கதவு கிடையாது."

"எப்ப வருவே?"

"தெரியல. அந்தூலா, உன் செடிக்கு நீயே ஒரு வழி பண்ணிக்கோ."

பான்டெலிஸ் ஏதோ சொல்ல வாய் திறந்தான். கீழே காருக்குப் பின்னால் ஹாரன்கள் அலறின. மனைவியா, காரா என்று ஒரு கணம் திணறினான். காருக்கு ஓடினான்.

மிர்தோவும் அவர்கள் பின்னால் இறங்கிப் போனாள். தெஸ்பினா அதைப் பார்த்தாள். தளத்தின் கம்பியைப் பிடித்துக்கொண்டு காற்றுக்கு முகத்தைக் கொடுத்தாள். கீழே கார்கள் ஒவ்வொன்றாகக் கரைக்கு உருண்டன. கப்பலின் பின்கதவு சங்கிலி கிரீச்சிட மேலே எழும்பத் தொடங்கியது. கரையில் அந்தூலா காரிலிருந்து இறங்கிக் கையை ஆட்டி எதையோ கூவினாள். காற்று அவள் பேச்சைக் கூட மதிக்கவில்லை.

"அம்மா!"

திரும்பினாள். மூச்சு இரைக்க, தோளில் பெட்டியின் பட்டை வெட்ட, மிர்தோ படியேறி வந்து நின்றாள்.

"பெட்டி கார்ல இருந்துச்சு... அதை எடுக்கத்தான்... விட்டுட்டுப் போயிட்டேன்னு நினைச்சியா? நினைச்சிருப்பே. நினைக்கிற மாதிரித்தானே நான் இருந்தேன்..."

பெட்டி விழுந்தது. மகள் தாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டு விம்மினாள். "மன்னிச்சுடும்மா... பொணத்துக்கும் வராதவன்னு... சிரிச்சேனே... எப்படிச் சிரிச்சேன்..." தெஸ்பினா அவள் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள். கப்பல் மறுபடி அலையில் ஏறியபோது இருவரும் சேர்ந்தே சாய்ந்தார்கள்.

டீனோஸ் துறைமுகத்தில் கூட்டம் அலைமோதியது. கரையிலிருந்து மாதா கோவில் வரை மேடான தெரு. தெரு ஓரம் நீளக் கம்பளம் விரித்திருந்தார்கள். நேர்த்திக்கடன் உள்ளவர்கள் அதன் மேல் முட்டி போட்டு, தவழ்ந்து தவழ்ந்து கோவிலுக்கு ஏறிக்கொண்டிருந்தார்கள். அநேகமாக எல்லோரும் பெண்கள்.

மிர்தோ மிரண்டு போய்ப் பார்த்தாள். அம்மாவின் கையை இறுக்கினாள்.

"நீயும் இப்படிப் போகணுமாம்மா?"

தெஸ்பினா தவழும் பெண்களைப் பார்த்தாள். பாவாடை மடிப்பை நீவிவிட்டு நிமிர்ந்து நின்றாள்.

"பதினாறு வருஷம் முட்டி போட்டாச்சுடி. மாதாவுக்குத் தெரியும். இன்னிக்கு நடந்தே போறேன்."

மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, தெருவின் நடுவில், தலை நிமிர்ந்து, தன் தாயின் கல்லறை இருக்கும் பக்கமாக ஏறத் தொடங்கினாள்.