ஆறு இறங்கிய நாள்

சுவரில் ஈரக்கோடு முழங்கால் உயரத்தில் இருந்தது. மத்தியானம் அது கணுக்காலளவில்தான் இருந்தது என்று நோரீன் சத்தியமே செய்வாள்.

வெளியே மர்ரி ஆறு வற்றிக்கொண்டிருந்தது. பராமரிப்பு வேலைக்காக மதகைத் திறந்து நீர்மட்டத்தை இறக்குவதாகப் போன வாரமே குறுஞ்செய்தி வந்திருந்தது. படகுத்துறையின் கால்கள் பாசியோடு வெளியே நின்றன. செத்த மீன் நாற்றமடிக்கும் சேற்றில், மாலை வெயிலில், கூழைக்கடாப் பறவைகள் அசையாமல் நின்றன. ஆறு ஏறினால் முன்கதவையும் பின்கதவையும் திறந்து தண்ணீரை வீட்டுக்குள் ஓடவிட வேண்டும், அடைத்தால் சுவரே போய்விடும்; இறங்கினால் புழுதி வராமல் இரண்டையும் அடைத்து டேப் ஒட்ட வேண்டும். இந்தக் கரையில் விடுமுறை வீடு வைத்திருக்கிற எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். காலையில் அவள்தான் ஒட்டினாள்.

மதகில் வேலை பார்க்கும் டெரிக்கு போன் போட்டாள்.

"டெரி, தண்ணி ஏறுதா?"

"ஏறுதாவா? காலைலேர்ந்து ஒரு சாண் எறங்கிருக்கு. ஏம்மா, அதுக்குள்ள பாட்டிலத் தொறந்துட்டியா?"

"வெளையாடாத. வீட்டுக்குள்ள ஏறுது."

"தரை நனைஞ்சிருக்கா?"

குனிந்து பார்த்தாள். கம்பளம் காய்ந்து கிடந்தது. "இல்ல..."

அவன் சிரித்தான். முட்டி ஆபரேஷன் முடிந்து அறையோரக் கட்டிலில் கிடந்த அவள் கணவன் கிளைவும் சிரித்தான். "என் படகு சேத்துல உக்காந்துருச்சுன்னு சொல்லு. அவனையே வந்து தள்ளச் சொல்லு."

போனை வைத்தாள். அறைக்கு நடுவே, நாற்காலிக் கால்களைச் சுற்றித் தண்ணீர் ஓடுவதுபோல் மெல்லிய களகளப்பு கேட்டது. தொடை வரை குளிர்ந்தது. கோடு ஜன்னலின் அடிவிளிம்பைத் தொட்டிருந்தது.

"கிளைவ், எந்திரி. போயிடலாம்."

"இப்பவா? முட்டிய எடுத்துட்டு வரணுமா, இங்கயே வச்சிட்டு வரணுமா?"

கதவுக்கு ஓடினாள். ஓட முடியவில்லை, கால்கள் எதையோ தள்ளிக்கொண்டு நகர்ந்தன. டேப்பைக் கிழித்தாள். கைப்பிடி திரும்பியது. உள்பக்கம் இழுத்தாள். வரவில்லை. அந்தக் கனம் அவளுக்குத் தெரியும். முன்பொரு பெருவெள்ளத்தில் பார்த்தது. உள்ளே நிறைந்த தண்ணீர் கதவின்மேல் சாய்ந்து நிற்கும் கனம்.

"நோரீன்." அவன் குரலில் விளையாட்டு இல்லை. "மெத்த ஏன் இப்படிச் சில்லுன்னு இருக்கு?"

நாற்காலியைத் தூக்கி ஜன்னலில் அடித்தாள். அது மெதுவாகப் போனது. மிக மெதுவாக. கண்ணாடியைத் தொட்டு நின்றது.

கட்டிலுக்கு வந்து அவன் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினாள். நனைந்த மூட்டையாகக் கனத்தான். சட்டை காய்ந்தே இருந்தது.

"விட்டுடாத."

"விடல. விடல."

கோடு அவன் கழுத்தைத் தாண்டியது. உதட்டை. நழுவினான்.

அவன் தலைமுடி எழுந்தது. ஒரே பக்கமாக அசைந்தது.

வாய் திறந்தது. சத்தமில்லை. ஒரு குமிழி. இன்னொன்று. வெறும் காற்றில் மேலேறி, சுவர்க்கோட்டின் உயரத்துக்கு வந்ததும் உடைந்தன.

கோடு இப்போது அவள் கழுத்தில்.

நோரீன் நுனிக்காலில் நின்று, மோவாயைத் தூக்கிக்கொண்டாள்.