உள்ளேயிருந்து இரண்டு தட்டு

வங்காளத்துக் கார்டன் ரீச்சில் ஆற்றுப் பக்கமாக இறங்குகிற சந்து ஒன்று உண்டு. மழை பெய்தால் லாரிச் சக்கரம் புதையும். மழை நின்று பல நாளானாலும் மனுஷன் செருப்பு புதையும். அந்தச் சந்து முடிகிற இடத்தில்தான் ரஞ்சன் பாபுவின் பழைய லாஞ்ச், சுற்றுலாப் பயணிகளை ஏற்றுகிற மோட்டார் படகு, கட்டிக் கிடந்தது. இராஜமாணிக்கமும் அவர் மச்சினன் கோபுவும் கருவிப் பையை ஆளுக்கொரு காதாகப் பிடித்துத் தூக்கிக்கொண்டு, காலை வெயிலிலேயே சட்டை நனைந்து, அங்கே வந்து சேர்ந்தார்கள்.

இராஜமாணிக்கம் துறைமுகப் பட்டறையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தூத்துக்குடிக்காரர். கிடர்பூரில் இத்தனை வருஷம் குடியிருந்தும் அவர் வாயில் வங்காளம் நுழையவே மாட்டேன் என்று அடம்பிடித்தது. கோபு அப்படியில்லை. இந்த ஊரிலேயே பிறந்தவன்; வங்காளத்தில் சண்டை போடுவான், தமிழில் சோறு கேட்பான். தாய் முகம் பார்க்காத பிள்ளை. அக்கா வசந்திதான் இடுப்பில் தூக்கி வளர்த்தாள். வருகிற தையில் அவனுக்குக் கல்யாணம்.

அதனால்தான் அன்று காலை வசந்தி வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். எண்ணெய்த் தொட்டிக்குள்ளே அவனை இறக்காதீங்க, நீங்களே இறங்குங்க என்றாள். இராஜமாணிக்கம் தன் தொப்பையைத் தட்டிக் காட்டி, இது எந்தத் தொட்டி வாயில் போகும் என்று கேட்டார். அவள் சிரிக்கவில்லை.

"அப்போ எப்படிக் கூட்டிட்டுப் போறீங்களோ, அப்படியே கொண்டாந்து என் கையில விடணும். சொல்லிட்டேன்."

லாஞ்சில் கோளாறு சின்னதுதான். கேபினெல்லாம் டீசல் வாடை, நடு ஆற்றில் என்ஜின் இருமி இருமி நின்றுபோகிறது. இராஜமாணிக்கம் மேல்தளத்தில் குனிந்து பார்த்ததுமே விஷயம் பிடிபட்டது. எண்ணெய் ஊற்றுகிற வாயில் ரப்பர் வளையம் மக்கி, மழைத் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. காற்றுக் குழாயில் குளவி மண் வைத்து அடைத்திருக்கிறது. மூன்றாவது ஒன்றுதான் தொல்லை. என்ஜினுக்கு எண்ணெய் உறிஞ்சுகிற குழாயின் அடிமுனை, தொட்டிக்குள்ளேயே, நடுவிலிருக்கும் தடுப்புத் தகட்டுக்கு அந்தப் பக்கம் உடைந்திருக்க வேண்டும். அலையில் எண்ணெய் குலுங்காமல் இருக்க வைக்கிற தகடு அது. அதிலே ஒரு ஆள் உடம்பை நெளித்து நுழைகிற அளவுக்கு ஒரு வட்ட ஓட்டை.

எவ்வளவு எண்ணெய் மிச்சம் என்று பார்க்க, பித்தளைச் சுத்தியலால் தொட்டியின் மேல் மூன்று தட்டு தட்டினார். சத்தத்தை வைத்தே அவருக்கு அளவு தெரியும்.

ணங், ணங் என்று இரண்டு திரும்பி வந்தது.

படகின் பக்கவாட்டில் கட்டித் தொங்கவிட்ட டயர் கரையில் இடிக்கிறது என்று நினைத்துக்கொண்டார். வேறு என்ன நினைப்பார்? வெயில் சுள்ளென்று அடிக்கிற நேரம். ஆற்றில் பூஜை முடிந்து கரைத்த சாமி சிலைகளின் வைக்கோல் உடம்புகள் ஒதுங்கிக் கிடந்தன. பக்கத்தில் ஒருத்தன் வேட்டியைத் துவைத்துக்கொண்டிருந்தான்.

மிச்ச எண்ணெயை இறைத்தார்கள். சோப்புத் தண்ணீர் விட்டுக் கழுவினார்கள். ஆள் இறங்குகிற வாயின் மூடியைத் திறந்து போட்டு ஊதுகாற்று மெஷினை வைத்து, மதியம் வரை காற்றடித்தார்கள். டீசல் வாடை போயே போய்விட்டது. அதற்கு அடியில் இன்னொரு வாடை இருந்தது. ஈரத்தில் கிடந்து அழுகிய தோல் செருப்பின் வாடை. எலி செத்திருக்கும் அத்தான் என்றான் கோபு.

தொட்டி வேலைக்காரர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. உள்ளே போகிறவன் இடுப்பில் கயிறு கட்டினால் தகட்டு ஓட்டையில் சிக்கும். ஆகவே தட்டுதான் பேச்சு. வெளியே இருப்பவன் ஒரு வாய் டீ ஆறுகிற நேரத்துக்கு ஒருதரம் மூன்று தட்டுவான். உள்ளே இருப்பவன் இரண்டு தட்டினால், நான் நன்றாக இருக்கிறேன் என்று அர்த்தம். வேலை முடிந்து மூடும்போதும் மூன்று தட்டிக் காது கொடுத்துக் கேட்க வேண்டும். பதில் வந்தால் மூடக் கூடாது. வயிற்றுப்பாட்டுக்குச் செய்கிற வேலையில் இது ஒன்றுதான் அவர்களுக்குச் சாமி.

கோபுவுக்கு மட்டும் ஒரு குறும்பு. இரண்டு தட்டிவிட்டு, கடைசியில் தகட்டை ஒரு இழுப்பு இழுத்து 'கிர்ர்ர்' என்று ஒரு வால் சேர்ப்பான். பட்டறையில் எல்லோரும் பல் கூசி அவனைத் திட்டுவார்கள்.

உள்ளே இறங்கினான். இராஜமாணிக்கம் மூன்று தட்டினார். இரண்டு வந்தது, கிர்ர்ர் என்று வாலும் வந்தது. "எருமை" என்று மனதுக்குள் கொஞ்சிக்கொண்டார்.

கொஞ்ச நேரத்தில் மூடி வாயில் ஒரு கை நீண்டது. இடுப்புப் பட்டை ஓட்டையில் மாட்டுகிறதாம். "இதப் பிடிங்க அத்தான். கைமுட்டியால தட்டுறேன். முதல்ல பார்த்துட்டு வந்து ஸ்பானர் வாங்கிக்கிறேன்" என்றான். சுத்தியல், ஸ்பானர் எல்லாம் செருகிய பட்டையை வாங்கி அவர் பின்னால் வைத்தார். வைத்ததை அப்போதே மறந்தும் போனார்.

மறக்காமல் என்ன செய்வார்? ரஞ்சன் பாபு வந்து பக்கத்தில் நின்றுகொண்டு உயிரை எடுத்தார். சுந்தரவனச் சுற்றுலாவுக்கு ஆள் பிடித்தாயிற்று, எப்போது முடியும், எப்போது மூடுவீர்கள் என்று, துறைமுகத்தில் பழகிய தமிழில் ஒரே நச்சரிப்பு. பட்டுச் சட்டை, கையில் குடை. பேச்சுப் பேச்சாக இருந்தாலும் தொட்டி வாய்ப் பக்கம் மட்டும் வரவில்லை, என்ஜினைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கமாகவே நடந்தார். அதையும் இராஜமாணிக்கம் கவனிக்கவில்லை. பேச்சுக்கு நடுவே மூன்று தட்டுவார். இரண்டு வரும். மறுபடி தட்டுவார். இரண்டு வரும். சுத்தமாக, மணி அடித்தாற்போல, ணங், ணங்.

வால் இல்லை.

அது அவருக்குச் சற்றுப் பொறுத்துத்தான் உறைத்தது. வேலையில் மும்முரமாக இருக்கிறான் போல என்று வியர்வையைத் துடைக்கத் துணி தேடித் திரும்பினார். துணிக்குப் பக்கத்தில் பட்டை கிடந்தது. ஸ்பானர் இருந்தது. சுத்தியலும் இருந்தது.

கைமுட்டியால் தட்டினால் இரும்பு இப்படியா மணி அடிக்கும்?

ஊதுகாற்று மெஷினை நிறுத்தினார். காது அடைத்தது போல அமைதி. கோபு என்று கூப்பிட்டார்.  மறுபடி மூன்று தட்டினார்.

ணங்.

ணங்.

இந்தத் தடவை சத்தம் தகட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வரவில்லை. அவர் முழங்காலுக்கு நேர் கீழே இருந்து வந்தது.

தொப்பை போகாது என்று காலையில் சொன்ன மனுஷன், பனியன் கிழிய, விலாத் தோல் உரிய, பித்தளைச் சுத்தியலும் டார்ச்சும் கையோடு, தலைகீழாக இடுப்பு வரை அந்த வாய்க்குள் இறங்கினார். டார்ச் வெளிச்சத்தில் சுவர் தெரிந்தது. சுவர் முழுக்க அடிபட்ட பள்ளங்கள். உள்ளேயிருந்து வெளிப்பக்கமாக அடித்தவை. ஒரு விரல் வைக்க இடமில்லாமல், மூலை முடுக்கெல்லாம், யாரோ ஒருத்தன் விடாமல், வெறிபிடித்து அடித்திருக்கிறான்.

தகட்டு ஓட்டையிலிருந்து கோபுவின் கால்கள் இந்தப் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தன. அசைவில்லை.

கணுக்காலைப் பிடித்து இழுத்தார். இடுப்பு வந்தது, நெஞ்சு வந்தது, ஒரு கை வந்தது. மற்றொரு கை வரவில்லை. அந்தப் பக்கமிருந்து எதுவோ இழுத்தது. கோபு வழுக்கிக்கொண்டு திரும்ப உள்ளே போனான். ஓட்டையின் விளிம்பு அவன் முன்னங்கையை மணிக்கட்டு முதல் முழங்கை வரை கிழித்தது. இரத்தம் இராஜமாணிக்கத்தின் கண்ணில் தெறித்தது.

டார்ச்சை வாயில் கவ்வினார். கோபுவின் மணிக்கட்டைச் சுற்றி ஐந்து விரல்கள். எண்ணெயில் ஊறிக் கறுத்து, நகமில்லாமல், நுனியில் எலும்பு தேய்ந்து தட்டையான விரல்கள்.

சுத்தியலை ஓங்கி அதன் மேல் போட்டார். ஒன்று. இரண்டு. மூன்று. எலும்பு நொறுங்குகிற சத்தம் கேட்டது.

உடனே பதில் வந்தது. இருட்டிலிருந்து இன்னொரு கை நீண்டு கோபுவின் தலையைப் பிடித்துத் தகட்டில் மோதியது.

ஒன்று.

இரண்டு.

மூன்று அடித்தால் இரண்டு திரும்பி வரும். தான் வாழ்நாளெல்லாம் கும்பிட்ட வழக்கமே தன் பிள்ளையின் மண்டையை உடைக்கிறது என்று அவருக்கு அப்போதுதான் புரிந்தது. பிள்ளைதான், மச்சினன் என்பதெல்லாம் பேச்சுக்கு. அதன் பிறகு அவர் எண்ணவில்லை. நிறுத்தாமல் அடித்தார். மூன்றில் நிற்காமல், மூச்சு விடாமல், கெட்ட வார்த்தையெல்லாம் சொல்லி, சதையும் எண்ணெயும் முகத்தில் தெறிக்கத் தெறிக்க அடித்தார்.

அப்போது அவர் முதுகில் இரும்பு விழுந்தது.

மேலே ரஞ்சன் பாபு மூடியைத் தள்ளி, அவர் இடுப்பின் மேல் ஏறி மிதித்துக்கொண்டிருந்தார். மூடு, மூடு என்று வங்காளத்தில் அலறல். இராஜமாணிக்கத்துக்கு வங்காளம் வராதுதான். அந்த ஒரு வார்த்தை நன்றாகப் புரிந்தது. வெளியே இருந்த காலை மடக்கி, உயிரைக் கூட்டி ஒரு உதை விட்டார். ரஞ்சன் பாபு என்ஜின் முனையில் முகம் மோதி விழுந்தார். பல் சிதறியது. அதே நொடியில் உள்ளே பிடி விட்டது.

கோபுவைக் கழுத்தோடு அணைத்து வெளியே இழுத்துப் போட்டார். மூச்சு இருந்தது. அவர் முதலில் பார்த்தது அவன் கையைத்தான். வலது கை நொறுங்கிக் கூழாகக் கிடந்தது. சுத்தியல் பட்டது அந்தக் கறுத்த விரல்களில் மட்டும் இல்லை. இராஜமாணிக்கம் தலையில் அடித்துக்கொண்டு அழுதார்.

ரஞ்சன் பாபு இரத்தம் துப்பிக்கொண்டு தரையில் கிடந்தார். யாரும் கேட்காமலே சொன்னார். போன வருஷப் பூஜைக்கு இதே குழாயைச் சரிசெய்ய ஒரு ஆள் உள்ளே போயிருந்தான். பயணிகள் கரையில் காத்திருந்தார்கள். எண்ணெய் லாரி வந்து நின்றது.

"மூணு தட்டித்தான் மூடினேன். ரெண்டு திரும்பி வந்தது. டயர் இடிக்குதுன்னு நெனச்சுக்கிட்டேன்."

எண்ணெயை விட்டார்கள். லாஞ்ச் நடு ஆறு போகும் வரை டயர் இடித்துக்கொண்டே இருந்தது. அப்புறம் நின்றது. உடம்பை என்ன செய்தார்கள் என்று அவர் சொல்லத் தொடங்கும்போது திறந்து கிடந்த தொட்டியைப் பார்த்தார். பேச்சு அதோடு நின்றுபோயிற்று.

கோபு பிழைத்தான். ஆஸ்பத்திரியில் அது ஒரு அதிசயம் என்றார்கள். இரண்டு கையிலும் முழங்கை வரை கட்டுப் போட்டு, தலையைச் சுற்றித் தையல் போட்டு, ஒரு நாள் மத்தியானம் டாக்ஸியில் வீட்டுக்கு அனுப்பினார்கள். இராஜமாணிக்கம் அவனைத் தாங்கிக்கொண்டு வந்து வாசலில் நின்ற வசந்தியின் கையில் விட்டார். சொன்ன சொல் காப்பாற்றியாயிற்று. அவள் அவன் முகத்தைத் தடவித் தடவி அழுதாள்.

கோபு பேசவில்லை. அதிர்ச்சி, போகப் போகச் சரியாகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கட்டிலில் படுத்தவன் கண் கொட்டாமல் அறையைப் பார்த்தான். ஜன்னலை, விசிறியை, சுவரை. புது வீட்டைப் பார்க்கிறவன் மாதிரி பார்த்தான். குளிப்பாட்டித் துடைத்து, மஞ்சள் சோப்புப் போட்டும் அவனிடம் அந்த அழுகிய தோல் வாடை போகவில்லை. மருந்து வாடை என்றாள் வசந்தி.

இராஜமாணிக்கம் கட்டிலோரம் உட்கார்ந்திருந்தார். அடுப்படியில் வசந்தி தம்பிக்குக் குழையக் குழையச் சோறு வடித்தாள். கரண்டியில் ஒட்டிய பருக்கையை உதற, பானை விளிம்பில் தட்டினாள். மூன்று தட்டு.

கோபுவின் உதடு அசையவில்லை. கால் அசையவில்லை. கட்டுப் போட்ட கைகள் நெஞ்சின் மேல் அப்படியே கிடந்தன.

அந்த நெஞ்சுக்குள்ளிருந்து, மிகத் தொலைவில், கைமுட்டியால் அடிக்கிறாற்போல ஒரு தட்டு கேட்டது.

இன்னொன்று.

கட்டிலில் கிடந்த முகம் மெல்ல இராஜமாணிக்கத்தின் பக்கம் திரும்பிற்று. கேட்காதே என்பது போல அவரைப் பார்த்தது.

அதற்கும் உள்ளே, இருட்டில், யாரோ நகத்தால் ஒரு இழுப்பு இழுத்தார்கள்.

கிர்ர்ர்.