சுருங்காத விரல்

கண்ணாடிக் கடைக்காரர் வீட்டில் யாராவது கையைக் கிழித்துக்கொண்டால் ஒருவரும் அலற மாட்டார்கள். கடைக்காரர் கையில் எத்தனை தழும்பு என்று கேட்டால் அவருக்கே தெரியாது. கழுவு, கட்டுப் போடு, வேலையைப் பார். அவ்வளவுதான்.

அதனால் கடைக்குட்டிப் பயல் பட்டாணி உடைந்த கண்ணாடித் துண்டைப் பிடித்து, ஆள்காட்டி விரலை அடியில் கிழித்துக்கொண்டபோதும் பெரிய கலவரம் இல்லை. கட்டுப் போட்டார்கள். புண் ஆறியது.

"வலிக்குதாடா?" என்று அப்பா கேட்டார்.

"இல்லவே இல்ல!"

"பாத்தியா? என் ரத்தம்!" அப்பா மீசையைத் தடவிக்கொண்டார்.

பெரியவர்கள் ஒரு விஷயத்தை இப்படிச் சட்டென்று முடித்துவிட்டால் எனக்குச் சந்தேகம் வரும். அந்த வீட்டில் சந்தேகப்படும் ஆள் ஒருத்திதான். பட்டாணியின் அக்கா. எதையும் தோண்டித் துருவிக் கேட்பாள். அதனால் அவள் பெயரே துருவி என்று ஆகிவிட்டது.

ஒருநாள் இரண்டு பேரும் தொட்டித் தண்ணீரில் சோப்புப் பெட்டியைக் கப்பலாக விட்டுக்கொண்டிருந்தார்கள்.

"எருமைங்களா, போதும் ஊறினது! வெளிய வாங்க!" என்று அம்மா கத்தினாள்.

"அக்கா, என் விரலைப் பாரு! எல்லாம் கிழவனாயிடுச்சு!"

துருவி பார்த்தாள். எல்லா விரல் நுனியும் சுருங்கியிருந்தது. ஆள்காட்டி விரல் மட்டும் வழவழவென்று அப்படியே இருந்தது.

"இதை மட்டும் தண்ணியில வைக்கலையா?"

"வச்சேனே!"

துருவி துண்டால் அவன் கண்ணைக் கட்டினாள். சீப்பின் பல்லால் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டாள்.

"இது எந்த விரல்?"

"கட்டை விரல்."

"இது?"

"சுண்டு விரல்."

"இது?"

"நீ இன்னும் தொடவே இல்லையே!"

துருவி ஆள்காட்டி விரலில் சீப்பை அழுத்தி வைத்திருந்தாள்.

"அது நகமா மாறிடுச்சுக்கா," என்றான் பட்டாணி. "நகம் வெட்டினா வலிக்காது, முடி வெட்டினாலும் வலிக்காது. அது மாதிரி."

வேறு நாளாக இருந்தால் துருவி விழுந்து விழுந்து சிரித்திருப்பாள்.

ஒரு பாத்திரத்தில் வெதுவெதுப்பான தண்ணீரை எடுத்துக்கொண்டு, தம்பியையும் இழுத்துக்கொண்டு கடைக்குப் போனாள். அப்பா கண்ணாடியில் கோடு கிழித்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, இதுல கையை வைங்க."

"வேலை நேரத்துல விளையாட்டா?"

"ஒரே ஒரு தடவைப்பா. தம்பி, நீயும் வைடா."

"என் தோல் காண்டாமிருகத் தோல். சுருங்கவே சுருங்காது," என்று சிரித்தபடி அப்பா கையை வைத்தார். பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தாள் துருவி.

கையை எடுத்தபோது தழும்பும் காய்ப்புமாக இருந்த அப்பாவின் விரல்கள் எல்லாம் சுருங்கியிருந்தன. பட்டாணியின் அந்த ஒரு விரல் சுருங்கவில்லை.

"காண்டாமிருகமே சுருங்கிடுச்சு. இது ஏன்பா சுருங்கல?"

அப்பா அந்த விரல் நுனியில் நகத்தால் அழுத்தினார். பட்டாணி தெருவில் போன நாயைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்பா அப்போதே கடையைச் சாத்தினார்.

மருத்துவமனையில் டாக்டரம்மா விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தண்ணி உள்ள போய்த்தானே தோல் சுருங்குது? இவனுக்கு மட்டும் போகலையா?" என்று கேட்டாள் துருவி.

"எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறாங்க. மேல்தோல் ஒரு போர்வை. அதுக்குக் கீழ இன்னொரு அடுக்கு. ரத்தக்குழாய், நரம்பு எல்லாம் அங்கதான். கை தண்ணியில ஊறினா, 'சுருங்கு'ன்னு ரத்தக்குழாய்களுக்கு நரம்பு சொல்லும். உள்ள சுருங்கினா மேல போர்வை மடியும். இவனுக்கு அந்த நரம்பைக் கண்ணாடி அறுத்திருக்கு."

"அப்ப அந்த விரல் வேர்க்கவும் வேர்க்காதா?"

டாக்டரம்மா மூக்குக் கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு அவளைப் பார்த்தார். "வேர்க்காது. வேர்வைக்கும் நரம்புதான் சொல்லணும்."

"தண்ணியில விரல் எதுக்குச் சுருங்கணும்?"

"ஈரமான பொருளை வழுக்காமப் பிடிக்கன்னு சொல்றாங்க. முழுசா எனக்கும் தெரியாது."

தெரியாது என்று சொல்கிற டாக்டரை நம்பலாம்.

"இப்படியே விட்டா?" என்று கேட்டார் அப்பா.

"சுட்டாலும் தெரியாது, கிழிஞ்சாலும் தெரியாது. கண்ணாடிக் கடையில சுத்துற பையன். நரம்பைத் தைச்சுப் பார்க்கலாம். உணர்ச்சி திரும்ப மாசக்கணக்கா ஆகும். கண்டிப்பா வரும்னு சொல்ல மாட்டேன்."

தைத்தார்கள். கட்டைப் பிரித்தார்கள். மாதங்கள் போயின. விரல் மரக்கட்டை மாதிரியே இருந்தது. அப்பா மீசையைத் தடவுவதையே விட்டுவிட்டார்.

ஒரு மத்தியானம் வீட்டின் பின்பக்கம் ஒரே அலறல். எல்லாரும் விழுந்தடித்து ஓடினார்கள்.

"எறும்பு! எறும்பு கடிச்சிருச்சு!"

"எந்த விரல்லடா?" என்று துருவி கத்தினாள்.

பட்டாணி ஆள்காட்டி விரலை நீட்டினான். அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பா அவனைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு குதித்தார்.

"ஏன் எல்லாரும் சிரிக்கிறீங்க? எனக்கு வலிக்குது!"

"இன்னொரு தடவை சொல்லுடா," என்றாள் துருவி.