குரைக்கும் பெட்டி

"எல்லாம் பச்சை!" என்று நாற்காலியில் சாய்ந்தான் இத்கெல். "ஒரு வாரமா ஒரு வீட்டைத் தவிர எந்தப் புள்ளியும் மஞ்சளாகல. நம்ம கம்பெனி மாதிரி உலான்பாத்தர் நகரத்துலயே கிடையாது!"

இத்கெல் ஆறாம் வகுப்புதான் படிக்கிறான். ஆனாலும் சோனோர் கம்பெனிக்கு அவன்தான் மேலாளர். பள்ளியின் பழைய விளையாட்டுச் சாமான் அறைதான் அலுவலகம். பிள்ளைகளே சேர்ந்து, மேட்டுத் தெருக்களில் கெர் எனும் வட்டக் கூடாரங்களில் வாழும் ஏழைக் குடும்பங்களுக்காக நடத்துகிற கம்பெனி அது.

கெருக்குள் குளிர்காலம் முழுக்க அடுப்பு எரியும். புகைக்குழாய் அடைத்துக்கொண்டால் விஷவாயு உள்ளேயே தங்கிவிடும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இவர்கள் செய்யும் சின்னப் பெட்டி அதைக் கண்டுபிடித்து வீலென்று கத்தும். பள்ளிக் கணினியிலும் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு புள்ளி தெரியும். காற்று சுத்தம் என்றால் பச்சை, கொஞ்சம் கெட்டால் மஞ்சள், ஆபத்து என்றால் சிவப்பு.

மரல்மா திரையை முறைத்துப் பார்த்தாள். பெட்டி வாங்கியவர்களிடம் போய்க் குறை கேட்பது அவளுடைய பொறுப்பு.

"எங்க வீட்டுப் புள்ளி மட்டும் தினமும் காலைல மஞ்சளாகுதே?"

"உங்க அடுப்பு சரியில்ல."

"அடுப்பு மூட்டும்போது எல்லார் வீட்லயும் கொஞ்சம் புகையும்டா. மத்தவங்க யாரும் அடுப்பே மூட்டலையா? இந்தக் குளிர்லயா?"

இத்கெல் மறுபடியும் திரையை உற்றுப் பார்த்தான்.

"வா, போய்ப் பாத்துட்டு வரலாம்."

"நான் மேலாளர். எனக்கு இங்க வேலை இருக்கு."

"நாய்க்குப் பயம்னு சொல்லேன்!"

"யாருக்குப் பயம்?" என்று குல்லாயை எடுத்து மாட்டிக்கொண்டான் இத்கெல்.

முதலில் ஜார்கல் அண்ணன் வீடு. "நாயைப் பிடிங்க!" என்று மரல்மா வெளியே நின்று கூவினாள். அந்த ஊரில் யாரும் கதவைத் தட்ட மாட்டார்கள். நாயே இல்லாத வீட்டிலும் இப்படித்தான் கூப்பிடுவார்கள். இந்த வீட்டில் உண்மையாகவே ஒரு நாய் இருந்தது. கன்றுக்குட்டி அளவு இருந்தது. மேலாளர் மரல்மாவின் முதுகோடு ஒட்டிக்கொண்டார்.

உள்ளே ஓயுன் அக்கா உப்புப் போட்ட பால் தேநீரை ஆற்றிக்கொண்டிருந்தாள். தொட்டிலில் கைக்குழந்தை தூங்கியது.

"ஐயே, எவ்வளவு அவலட்சணம்!" என்றாள் மரல்மா மரியாதையாக. அழகு என்று சொன்னால் கண் பட்டுவிடுமே!

ஓயுன் அக்கா பூரித்துப்போனாள். "ஆமா, அவலட்சணமேதான். நேத்துலேருந்து அழக்கூட மாட்டேங்குது. தூங்கிக்கிட்டே இருக்கு."

"எனக்கும் ஒரே தலைவலி. எல்லாம் இந்தக் குளிர்தான்" என்று நெற்றியைத் தேய்த்தார் ஜார்கல் அண்ணன்.

மரல்மா சட்டென்று சுற்றுமுற்றும் தேடினாள். "அண்ணா, நாங்க குடுத்த பெட்டி எங்க?"

ஜார்கல் அண்ணன் பெருமையோடு கையை நீட்டினார். வாசலுக்கு நேர் எதிரே சாமி அலமாரி இருந்தது. அதன் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால், புத்தருக்கும் ஜார்கல் அண்ணனுடைய அப்பா படத்துக்கும் நடுவில், நீலப் பட்டு சுற்றி உட்கார்ந்திருந்தது பெட்டி.

"போச்சு! அதுக்குள்ள காத்தே போகாது" என்று இத்கெல் முணுமுணுத்தான்.

பெரியவர்களுக்குத் தருவதுபோல் நீலப் பட்டு வைத்து, இரண்டு கைகளாலும் பெட்டியைக் கொடுக்கலாம் என்றது அவன்தான். அன்று எல்லோரும் கைதட்டினார்கள். மரல்மாவும்தான் தட்டினாள். அவள் வீட்டுப் பெட்டி மட்டும்தான் ஆணியில் தொங்கியது; மற்ற எல்லா வீட்டிலும் இதே கதையாகத்தான் இருக்கும் என்று இப்போது அவளுக்குப் புரிந்தது.

"அண்ணா, அதை எடுத்துத் தொட்டில் பக்கத்துல ஆணியில மாட்டணும்."

ஜார்கல் அண்ணன் முகம் சுருங்கியது. "பட்டோட வந்த பொருளம்மா அது! ஆணியில தொங்க விட்டா குடுத்தவங்களுக்கு என்ன மரியாதை?"

"கோபமாயிட்டாரு, வா போயிடலாம்" என்று இத்கெல் அவள் சட்டையை இழுத்தான். மரல்மா நகரவில்லை. குழந்தை இன்னும் அசையாமல் தூங்கியது. வெளியே நாய் குரைத்தது.

"அண்ணா, உங்க நாய் பேரு என்ன?"

"அர்ஸ்லான். ஏன்?"

"நல்ல நாயா?"

"என்ன இப்படிக் கேட்டுட்ட! ஓநாயே வந்தாலும் விடாது."

"அவ்வளவு நல்ல நாயை ஏன் அலமாரில வைக்கல?"

ஜார்கல் அண்ணனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அலமாரில வச்சா யாரு காவல் காக்குறது?"

"இந்தப் பெட்டியும் நாய்தான் அண்ணா! கண்ணுக்குத் தெரியாத திருடன் வந்தா குரைக்கும். இதைப் பரிசு மாதிரி குடுத்தது எங்க தப்பு. பட்டு அலமாரியிலயே இருக்கட்டும். நாயை மட்டும் வேலைக்கு அனுப்புங்க."

அவர் அவளைப் பார்த்தார், அலமாரியைப் பார்த்தார், பிறகு தோள் குலுங்கச் சிரித்தார். பட்டைப் பதமாக அவிழ்த்து மடித்து வைத்துவிட்டு, பெட்டியைத் தொட்டில் பக்கம் மாட்டினார்.

"நாய்னா பேரு வைக்கணுமே" என்றாள் ஓயுன் அக்கா.

பேர் வைக்க நேரம் கிடைக்கவில்லை. வீல்! வீல்! சிவப்பு விளக்கு எரிந்தது.

"வெளிய போங்க! எல்லாரும் வெளிய!" என்று மரல்மா கத்தினாள்.

ஓயுன் அக்கா குழந்தையைப் போர்வையோடு அள்ளிக்கொண்டு ஓடினாள். ஜார்கல் அண்ணன் கதவை அகலத் திறந்துவிட்டார். இத்கெல் வெளியே பாய்ந்து, கயிற்றை இழுத்துக் கூரையின் மூடியைத் திறந்தான். அர்ஸ்லான் அவன் காலை முகர்ந்துகொண்டு நின்றது. அவன் அதைக் கவனிக்கவே இல்லை.

பக்கத்து வீட்டில் எல்லோரும் குழந்தையைச் சுற்றி நின்றார்கள். குழந்தை மூக்கைச் சுருக்கியது. உதட்டைப் பிதுக்கியது. பிறகு அந்த மேடே அதிரும்படி அழுதது.

"அழுதுட்டான்! அழுதுட்டான்!" என்று ஜார்கல் அண்ணன் துள்ளிக் குதித்தார். குதித்தவர் கண்ணிலும் தண்ணீர்.

மருத்துவமனையிலிருந்து வந்த டாக்டர் மூவரையும் சோதித்துவிட்டு, "நல்ல நேரத்துல வெளிய வந்தீங்க, இனி பயமில்ல" என்றார். புகைக்குழாயைக் கழற்றியபோது உள்ளே கரி கெட்டியாக அடைத்திருந்தது.

அன்றே கம்பெனி முழுக்க மேட்டில் ஏறி இறங்கியது. "நாயை வேலைக்கு அனுப்புங்க!" என்று கேட்டுச் சிரிக்காத வீடு இல்லை. பெட்டிகள் ஒவ்வொன்றாக அலமாரியை விட்டு வெளியே வந்தன. ஆளாளுக்குப் பேர் வைத்தார்கள். ஒரு அக்கா மட்டும் தன் நாத்தனார் பேரை வைத்துவிட்டு, யாரிடமும் சொல்லாதே என்று மரல்மாவிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் விடிந்ததும் இத்கெல் திரையைப் பார்த்து அலறினான்.

"மரல்மா! மஞ்சள்! இங்க மஞ்சள், அங்க மஞ்சள்! மேடு முழுக்க மஞ்சள்!"

மரல்மா ஓடி வந்து பார்த்தாள். மஞ்சள் புள்ளிகள் கொஞ்ச நேரம் மினுக்கிவிட்டு, ஒவ்வொன்றாகப் பச்சைக்குத் திரும்பின. ஜார்கல் அண்ணன் வீட்டுப் புள்ளி அப்போதுதான் மஞ்சளாகிக்கொண்டிருந்தது.

"பயப்படாதே," என்றாள் அவள். "எல்லாரும் எழுந்து தேநீர் போடுறாங்க."